எண்ணப்படாத பந்துகள்: பாளுவின் ஆட்டவாழ்வும் நமது ஆவணங்களும்

1

இணையத்தில் பலரும் கூடி எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்றில் ஒரு பந்துவீச்சாளரைப் பற்றிய கட்டுரையை ஓராண்டாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். 'தமிழ் எம்.ஏ. படிச்சிட்டு கிரிக்கெட்டப் பத்தி எழுதுறியாப்பா?' என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நமது சிறுபத்திரிகைச் சூழலில் கிரிக்கெட் பற்றி இரண்டே நிலைப்பாடுகள். ஒன்று, அது காலனிய எச்சம், தேசியவெறியின் திருவிழா, விளம்பரச் சந்தை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவது. மற்றொன்று, ஒன்றும் பேசாமல் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஸ்கோர் பார்ப்பது. நான் இரண்டாம் ரகம். இந்த ஆட்டத்துக்குள் சாதி எப்படி வேலை செய்தது, உழைத்தவன் யார், பெயர் வாங்கியவன் யார் என்கிற கேள்வி இரண்டு தரப்பிலும் விடுபட்டுப்போகிறது.

நான் எழுதியது பால்வண்கர் பாளுவைப் பற்றி. 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சாதி. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1955 ஜூலை 4இல் பம்பாயில் இறந்தார். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. ஆங்கில ஏடுகளில் அவர் 'பாலூ'. மராத்தியில் இந்தப் பெயருக்கு ளகரம். 'பாள்' என்றால் பிள்ளை. அதிலிருந்து பிறந்த செல்லப்பெயர் பாளு. ஆங்கில எழுத்தில் ளகரம் இல்லாததால் அது உதிர்ந்தது. நம்மிடம் ளகரம் இருக்கிறது. இருந்தும் ஒரு மராத்திக்காரரின் பெயரை லண்டன் வழியாகச் சுற்றித்தான் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். நான் 'பாளு' என்று எழுதினேன். மறுநாள் யாரோ 'பாலு' என்று மாற்றியிருந்தார்கள். காரணம்: 'சான்றுகளில் இவ்வாறே உள்ளது.' சான்று என்றால் ஆங்கிலச் சான்று. திரும்பவும் ளகரம் போட்டேன். அற்பச் சண்டை என்று தோன்றலாம். பின்னால் வந்த பெரிய சண்டைகளும் இதே சண்டைதான்.

2

இத்தகைய கட்டுரைகளின் ஓரத்தில் ஒரு தகவல்பெட்டி இருக்கும். பிறப்பு, இறப்பு, எந்தக் கை, என்ன வகைப் பந்து, எத்தனை ஆட்டம், எத்தனை விக்கெட். பாளுவின் பெட்டி இப்படிச் சொல்கிறது: முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21. அதாவது பதினைந்து ரன்னுக்கு ஒரு விக்கெட். கிரிக்கெட் தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன்: எந்தக் காலத்திலும் இது அசாத்தியமான கணக்கு.

இந்தக் கட்டங்கள் மீது எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஊரிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் கேட்கப்பட்ட கேள்வியை இந்தக் கட்டம் கேட்பதில்லை. பந்து போட்டவன் யார், அவுட் ஆனவன் யார், அவ்வளவுதான். 1911இல் இந்தியாவின் பெயரால் ஓர் அணி முதன்முதலாக இங்கிலாந்துக்குப் போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். மதவாரியாகக் கணக்குப் பார்த்து ஆள் சேர்த்த அணி அது. 14 முதல்தர ஆட்டங்களில் பத்தில் தோற்றது, வென்றது இரண்டே இரண்டில். அந்தத் தோல்விகளுக்கு நடுவே பாளு மட்டும் முதல்தர ஆட்டங்களில் 75 விக்கெட்டுகளும், எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட்டுகளும் எடுத்தார். மகாராஜா சில ஆட்டங்களோடு ஒதுங்கிக்கொண்டார். பந்து போட்டுக்கொண்டே இருந்தது பாளு. இதை எந்தச் சாதியாலும் அழிக்க முடியவில்லை. அச்சில் ஏறிவிட்டது.

ஆனால் மேலே உள்ள இரண்டு எண்களைக் கவனியுங்கள். 114இல் 75 மட்டுமே பெட்டிக்குள் போகிறது. மிச்சம் 39 விக்கெட்டும் விழுந்தது உண்மை, நடந்தது உண்மை. 'தரம்' இல்லை என்பதால் வெளியே நிற்கிறது. தரத்தை யார் முடிவு செய்வது? 'முதல்தர ஆட்டம்' என்பதற்குச் சர்வதேச அளவில் வரையறை 1947இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களைப் பிற்காலப் புள்ளிவிவரக்காரர்கள் பின்னோக்கிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பம்பாய் மாகாணத்தில் பார்சிகளும் ஐரோப்பியரும் 1892 முதல் ஆடிய ஆட்டங்கள் கணக்கில் வருகின்றன. பாளுவின் கணக்கோ 1905-06 பருவத்தில்தான் தொடங்குகிறது. அப்போது அவர் முப்பதைத் தொட்டவர்.

முப்பது வயதுவரை அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது?

3

அப்பாவுக்குப் படைத்துறையில் வேலை. குடும்பம் பூனாவுக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துப் பாளுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள். பாளுவின் முதல் வேலை, பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டுவது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியரின் பூனா கிளப்புக்குப் போனார். சம்பளம் ஒரு ரூபாய் ஏறியது. ரோலர் இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். டிராஸ் என்கிற வெள்ளைக்காரர் ஒருவர்தான் வலையில் பந்து போடச் சொல்லியிருக்கிறார். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. கிரெய்க் என்கிற பேர்பெற்ற ஆங்கில மட்டையாளர் நாள்தோறும் முன்கூட்டியே வந்து பாளுவின் பந்தை ஆடிப் பழகுவார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மணிக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படிப் போட்டிருக்கிறார். அந்த வலைக்குள் பாளுவின் கையில் ஒருவரும் மட்டையைக் கொடுத்ததில்லை.

இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மட்டை பிடிப்பது விளையாட்டு. பந்து போடுவது வேலை. ஒருவன் ரசிப்பதற்காக இன்னொருவன் முதுகு வளைத்து உழைப்பது. நிலத்தில் இருந்த உறவு அப்படியே புல்வெளிக்கு வந்துவிட்டது. வயலில் நாற்று நட்டவளின் பெயர் நெல் மூட்டையில் இல்லாததுபோல, அந்த வலையில் விழுந்த ஆயிரக்கணக்கான பந்துகளுக்கும் ஏட்டில் இடமில்லை. கிரெய்க் பிற்பாடு எடுத்த ரன்களுக்கு ஏடு உண்டு. அந்த ரன்களைச் செய்துகொடுத்த பந்துகளுக்கு இல்லை.

ஐரோப்பியரைத் தோற்கடிக்க வேண்டும் என்று பூனாவின் இந்து கிளப் ஆசைப்பட்டபோதுதான் சிக்கல். பாளு இல்லாமல் முடியாது, பாளுவோடு எப்படி? தெலுங்கு உறுப்பினர்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள், மராத்தி பிராமணர்கள் தயங்கினார்கள். கடைசியில் சேர்த்தார்கள். அதோடு ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார்கள். களத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாளுவுக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளை. முகம் கழுவத் தண்ணீரும் வெளியேதான். சாப்பாடு தனித்தட்டில், தனி மேசையில்.

தோலால் செய்த பந்து. அது ஒரு சமாரின் கையிலிருந்து பிராமணரின் கைக்கு நாளெல்லாம் போய்வந்துகொண்டிருந்தது. தீட்டு அதில் ஒட்டவில்லையாம், டீயில் ஒட்டிக்கொள்ளுமாம். தீண்டாமை என்பது மூடநம்பிக்கை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இதைப் பார்த்தால் அது மிகுந்த கணக்கோடு இயங்கும் அறிவு என்றே தோன்றுகிறது. உழைப்பு எங்கே முடிகிறது, உறவு எங்கே தொடங்கிவிடக்கூடும் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். கோடு அங்கேதான் போடப்படுகிறது. அந்த ஊரின் சீர்திருத்தவாதி நீதிபதி ரானடே, சேர்ந்து விளையாட முடியுமென்றால் சேர்ந்து உண்ணவும் முடிய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகே இந்த ஏற்பாடு மெல்லத் தளர்ந்தது.

இவ்வளவையும் கட்டுரையில் 'பந்துவீச்சு வாழ்க்கை' என்கிற தலைப்பின்கீழ் எழுதினேன். ஒரு சக தொகுப்பாளர், கெட்ட எண்ணம் கொண்டவரல்ல, நிறைய உழைக்கிறவர், அந்தப் பத்தியைத் தூக்கி 'இளமைப் பருவம்' என்பதன்கீழ் போட்டார். 'முதல்தர ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வாழ்க்கைக் கணக்கு' என்றார். பேச்சுப் பக்கத்தில் விவாதித்தோம். இருபதிலிருந்து முப்பதுவரை ஒரு மனிதன் கூலிக்குச் செய்த வேலை எப்படி இளமைப் பருவமாகும் என்று கேட்டேன். விதிப்படி பெட்டியும் பத்தியும் பொருந்த வேண்டும் என்றார். இந்த ஒரு பத்தியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இளமை என்றால் அது முன்கதை, ஏழ்மையிலிருந்து உயர்ந்த வீரனின் உருக்கமான பின்னணி. வாழ்க்கை என்றால் அது உழைப்பு. கணக்குக் கேட்கும் உழைப்பு.

4

சான்று பற்றியும் ஒரு வார்த்தை. கலைக்களஞ்சியத்தின் விதி, எழுதப்படும் ஆளோடு உறவில்லாத சான்று வேண்டும் என்கிறது. பொதுவாகப் பார்த்தால் நல்ல விதி. அவனவன் தன் பெருமையைத் தானே எழுதிக்கொள்ளாமல் தடுக்கிறது. பாளுவின் விஷயத்தில் என்ன ஆகிறது? அவருடைய கடைசித் தம்பி விட்டல் மராத்தியில் ஒரு தன்வரலாறு எழுதியிருக்கிறார். அண்ணனோடு ஆடியவர், கண்ணால் பார்த்தவர். ஆனால் ரத்த உறவு. ஆகவே 'சார்புடைய' சான்று. அவரை வெளியே உட்கார வைத்தவர்களின் உலகத்திலிருந்து வந்த செய்தித்தாளும் கிளப் ஏடும் 'சார்பற்ற' சான்று! சார்பு என்பது ரத்தத்தில் மட்டும்தான் இருக்குமா, சாதியில் இராதா?

2002இல் ராமச்சந்திர குஹா எழுதிய கிரிக்கெட் வரலாறு இந்தத் தடையைத் தாண்ட உதவுகிறது. அவர் விட்டலின் நூலையும் மராத்தி எழுத்துகளையும் வாசித்து எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய பிறகு, விட்டல் சொன்ன அதே செய்தி 'சான்று' ஆகிவிட்டது. 2019இல் பிரசாந்த் கிதம்பி 1911 பயணம் பற்றித் தனி நூலே எழுதினார். இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் தலித் குடும்பம் ஒன்றின் நினைவு ஆங்கில வரலாற்றாசிரியரின் கைபட்ட பிறகே உண்மையாகிறது என்கிற ஏற்பாட்டைக் குறிப்பிடாமல் போக முடியாது.

ஏட்டில் ஏறாதவர்களைக் கற்பனை எப்படி நிரப்பிக்கொள்கிறது என்பதற்கு 2001இல் வந்த 'லகான்' படத்தைச் சொல்லலாம். அதில் வரும் கச்ராவைப் பார்த்துப் பலருக்கும் பாளு ஞாபகம் வந்தது. கதை நடப்பது 1893இல். ஏறத்தாழ பாளு பூனாவில் ரோலர் இழுத்த நாட்கள். கச்ரா தீண்டப்படாதவன், கை ஊனம், அந்த ஊனத்தால் பந்து தானாகச் சுழல்கிறது. கதாநாயகன் அதைக் கண்டுபிடித்து அணியில் சேர்க்கிறான். நல்ல மனசோடு எடுத்த காட்சிதான், தியேட்டரில் கைதட்டினோம். ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பாளுவின் சுழல், ஆண்டுக்கணக்கான பயிற்சியால் விளைந்த திறமை. படத்தில் அது உடற்குறை தந்த தற்செயல். தலித்துக்குத் திறமை இருக்கலாம். அதை அவனே சம்பாதித்ததாக இருக்கக் கூடாது. கண்டெடுப்பவன் வேறொருவனாக இருக்க வேண்டும்.

5

பூனாவில் பிளேக் பரவிய காலத்தில் பாளு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்னில் வென்றார்கள். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. பாளுவும் சிவராமும் அதில் ஆடினார்கள். ஒரே மேசையில் சாப்பிட்ட இந்து அணி வெள்ளையரை வென்றது என்று சீர்திருத்த ஏடு கொண்டாடியது. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்கிற அறிவிப்பு நம் நாட்டில் எத்தனை தடவை வந்திருக்கிறது! அப்படி வந்த ஆரம்ப அறிவிப்புகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேசை கிடைத்தது. தலைமை கிடைக்கவில்லை. இத்தனை விக்கெட் எடுத்தவர் ஒருபோதும் இந்து அணியின் தலைவராக அறிவிக்கப்படவில்லை. 1920இல் பாளுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைவர் பாய் ஆட முடியாத ஆட்டத்தில், தகுதியுள்ள விட்டல் இருக்க, தேவதரைத் தலைவராக்கினார்கள். விட்டலும் சிவராமும் வெளிப்படையாக அறிக்கை கொடுத்து விலகினார்கள். கிரிக்கெட் களத்தில் சாதிக்கு எதிராக நடந்த வேலைநிறுத்தம் என்று நான் இதைச் சொல்வேன். பிறகு சமரசம்: பாளு துணைத்தலைவராகத் திரும்பினார், இறுதி ஆட்டத்தில் பாய் சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேறி, பாளு அணியை நடத்த இடம் கொடுத்தார். தலைமையை ருசி பார்க்கக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டல் 1923இல் தலைவரானார். கரீபியத் தீவுகளில் ஒரு கறுப்பரைத் தலைவராக்க சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் போராடி, பிராங்க் வொரெல் அந்த இடத்துக்கு வந்தது 1960இல். நமது வரலாற்றில் இதைவிட முப்பத்தேழு ஆண்டு முந்தைய பக்கம் ஒன்று இருக்கிறது. தேவதர் பெயரில் 1973-74இல் ஒரு கோப்பை தொடங்கப்பட்டது. மகாராஜா ரஞ்சி பெயரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி, நமது தோழர்களுக்கு உவப்பில்லாத பகுதி. அம்பேத்கரின் ஆரம்பகாலப் பொதுமேடைகளில் ஒன்று பாளுவுக்கான பாராட்டுக் கூட்டம் என்று குஹா எழுதுகிறார். தன் மக்களின் நாயகனாக அவர் பாளுவைக் கண்டிருக்கிறார். 1932இல் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத்தொகுதியே போதும் என்று மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்த எம்.சி. ராஜாவின் பக்கம் பாளு நின்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரின் பெயரோடு, நம் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா பெயர்களோடு, பாளுவின் பெயரும் இருக்கிறது. நாம் எத்தனையோ தடவை படித்த பட்டியல் அது. அதில் ஒரு பந்துவீச்சாளர் இருப்பதை நான் கவனித்ததில்லை. ஊரும் அதே பூனா, மண் குவளையின் ஊர்.

1937 பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் பாளுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாளு 11,225. 'இத எதுக்கு எழுதணும்? அவரை விட்டுட்டு வேற ஆளப் பாரு' என்றார் இயக்க நண்பர் ஒருவர். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அம்பேத்கரை எதிர்க்க ஒரு தலித் முகம் தேவைப்பட்டபோது காங்கிரசுக்குப் பாளு தேவைப்பட்டார். பந்து போடத் தேவைப்பட்ட மாதிரிதான். ஆனால் அவர் வெறும் கருவி என்று முடித்துவிட்டால், கச்ராவைக் கதாநாயகன் கண்டெடுத்த கதையையே நாமும் சொல்கிறோம். ஆட்டக்களத்தின் வழியே, சேர்ந்து ஆடுவதன் வழியே சாதி இந்துக்களை மாற்ற முடியும் என்று நம்ப அவருக்குத் தன் வாழ்க்கையே ஆதாரமாக இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு குறைவாகப் பலித்தது என்பதற்கும் ஆதாரம் அதே வாழ்க்கைதான். இரண்டையும் எழுதினேன். கிளப் வரலாறு அவரைத் தலைவராக ஏற்கவில்லை. இயக்க வரலாறு எதிராளியாக ஒதுக்கியது. பாளு விழுந்துபோன இடைவெளி இதுதான்.

6

கடைசியாக, என்னைப் பற்றி. நடுநிலை நோக்கு என்பது கலைக்களஞ்சிய விதி. இந்தப் பத்திரிகையில் அது கட்டாயமில்லை.

எங்கள் ஊரில் 2000 வாக்கில், நான் பள்ளியில் படித்தபோது, அறுவடை முடிந்த வயலில் ஆடுவோம். மட்டை எங்கள் வீட்டு மட்டை. மட்டைக்காரன்தான் முதலில் ஆடுவான், எழுதாத சட்டம் அது. காலனியிலிருந்து ஒரு பையன் வருவான். என் வயதுதான். அவன் போடுகிற பந்து குத்தி உள்ளே திரும்பும். நான் எத்தனை தடவை போல்டு ஆகியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. 'டேய், ட்ரையல் பால்டா' என்று சொல்லித் திரும்ப ஆடுவேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு போவான். ஆட்டம் முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தால் எனக்குச் சொம்பில் தண்ணீர். அவனுக்கு அம்மா மக்கிலிருந்து கைகளில் ஊற்றுவாள். குனிந்து குடிப்பான். மண் குவளையாவது ஒரு பாத்திரம்.

அவன் மட்டை பிடித்து நான் பார்த்ததில்லை. நான் பந்து போட்டதும் இல்லை. பாளுவைப் பற்றி எழுதும்போது நான் நிற்கிற இடம் கிரெய்க்கின் இடம் என்று தெரிய எனக்கு இத்தனை நாளாயிற்று.

கட்டுரை இப்போது ஒரு மாதிரி நிலைத்திருக்கிறது. 'பாளு' என்றே இருக்கிறது. மண் குவளை இருக்கிறது, 1937 இருக்கிறது. பூனா வலையின் பத்தி மட்டும் இன்னும் 'இளமைப் பருவ'த்துக்கும் 'வாழ்க்கை'க்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் திரும்பவும் கீழே இறக்கி, 'வாழ்க்கை'யின் முதல் பத்தியாக வைத்தேன். தொகுப்புக் குறிப்பில் ஒரே வரி எழுதினேன்: 'இவை கூலிக்கு வீசப்பட்ட பந்துகள்.' மாற்றுவார்கள். நானும் திரும்ப வைப்பேன். வாசிக்கிற தோழர்களில் மராத்தி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விட்டலின் நூலைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை, பேச்சுப் பக்கம் திறந்திருக்கிறது.